ஒரு விரற்கடை

நல்ல சைக்கிள் பிரேக் லீவர் வேண்டுமென்றால் சிதம்பரத்தில்தான் வாங்க வேண்டும். கடலூரில் கிடைப்பது ஒரு மழைக்குத் தாங்காது. உப்புக் காற்றில் ஸ்பிரிங் துருவேறிப் பாதி வழியில் நின்றுவிடும். மேலவீதியில் ஒரு பழைய சைக்கிள் கடை இருக்கிறது. இதோ, இந்தச் சிமுலேட்டர் த்ராட்டிலில் விரலால் தூக்குகிற கொக்கி இருக்கிறதே, அது அங்கே வாங்கியதுதான். தானே புயலில் இந்த அறையின் கூரையே பறந்துபோய்ப் பக்கத்துத் தெருவில் விழுந்தது. மூன்று மானிட்டரும் தண்ணீர் குடித்துச் செத்தன. இந்தக் கொக்கி மட்டும் இன்னும் வழவழவென்று வேலை செய்கிறது. தூக்கிப் பாருங்கள். பயப்பட வேண்டாம், எதனோடும் சேர்த்து வைக்கவில்லை.

சித்தார்த் இங்கேதான் பயிற்சி எடுத்தானா, இந்தச் சாதனத்தைச் சரிசெய்து கொடுத்தது யார் என்று கீழே ஆரோக்கியராஜ் சாரிடம் கேட்டீர்கள். அவர் "நம்ம இளமதிதான் சார், கெட்டிக்காரப் பொண்ணு" என்று உங்களை மாடிக்கு அனுப்பிவிட்டு டீ வாங்கப் போயிருக்கிறார். நான் உங்களுக்குத் தொழில்நுட்ப விளக்கம் கொடுத்துக்கொண்டிருப்பதாக நினைப்பார். அதுவும் பொய்யில்லை.

நான் அண்ணாமலை நகரில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள். என் அம்மா சின்னம்மாள் முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைத்தவள். அந்த ஓட்டுப்பால் பட்டுப் பட்டு விரல் வெந்து, அவளுக்கு ரேகையே கிடையாது. பேங்கில் கைநாட்டு வைத்தால் வெறும் கறுப்புத் திட்டுதான் விழும். இதைச் சொன்னதும் உங்கள் முகம் ஒரு மாதிரி ஆகிறது. ஏழைப் பெண், கோபக்காரி, பழிவாங்கிவிட்டாள் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டிருப்பீர்கள். நான் எதையும் கோபத்தில் செய்யவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்கிற வேலை ஒழுங்காக வராது.

இப்போது த்ராட்டில். உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன். காற்றாடி வைத்த டர்போப்ராப் விமானத்தில் இந்த இரண்டு லீவரையும் முன்னால் தள்ளினால் பவர் கூடும், பின்னால் இழுத்தால் குறையும். இழுத்துக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் இடித்து நிற்கும். அதற்குப் பெயர் கேட். லீவர் கேட்டில் வந்து நின்றால் ஐடில், அதாவது ஆகாயத்தில் எவ்வளவு குறைக்கலாமோ அவ்வளவும் குறைத்தாயிற்று. கேட்டுக்குப் பின்னாலும் இடம் உண்டு. அது தரைக்கு மட்டும். சக்கரம் ஓடுபாதையில் பட்ட பிறகு, இந்தக் கொக்கியைத் தூக்கினால் லீவர் கேட்டைத் தாண்டிப் பின்னால் வரும். காற்றாடியின் இறக்கைகள் அப்படியே திரும்பி, இழுப்பதை விட்டுவிட்டுத் தடுக்க ஆரம்பிக்கும். விமானம் நிற்கும். இதையே ஆகாயத்தில் செய்தாலும் விமானம் நிற்கும். ஆகாயத்தில் நிற்கிற விமானம் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகத்தான் கேட், அதற்காகத்தான் கொக்கி.

கம்ப்யூட்டருக்குள் கேட் கிடையாது. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற சிமுலேட்டர் விளையாடுகிற பையன்கள் பெரும்பாலும் கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டு ரிவர்ஸ் போடுவார்கள். அது விளையாட்டு. நிஜமான கேட் வைத்து, கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஒரு த்ராட்டில் செய்ய வேண்டும் என்பதுதான் கல்லூரியில் கடைசி வருஷம் என் பிராஜெக்ட். தையல் மிஷின் பலகை, பழைய ரேடியோவின் வால்யூம் திருகு, இரும்புத் தகடு, பிரேக் லீவர். தகட்டில் நீளவாக்கில் ஓட்டை போட்டு, இரண்டு போல்ட்டில் முன்னும் பின்னும் நகர்த்துகிற மாதிரி வைத்தேன். ஒவ்வொரு விமானத்துக்கும் கேட் ஒவ்வோரிடத்தில் வரும், நகர்த்திக்கொள்ளலாம் என்பதற்காக. நல்ல யோசனை என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். என்னிடம் சொல்லவில்லை, சித்தார்த்திடம் சொன்னார்கள்.

பிராஜெக்ட்டுக்கு இரண்டு பேர் சேர வேண்டும் என்பது விதி. சித்தார்த் என் ஜோடி. அப்பா தட்சிணாமூர்த்திக்குச் சிதம்பரம் பக்கத்தில் நிலமும் ரைஸ்மில்லும். பையனுக்குச் சின்ன வயசிலிருந்து விமானப் பைத்தியம். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். பட்டறையில் நான் அரம் போடும்போது அவன் சமோசா வாங்கி வருவான். நான் சால்டரிங் வைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பான். வைவாவில் கேள்வி கேட்க வெளிக் கல்லூரி ஆள் ஒருவர் வந்தார். இதை வடிவமைத்தது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். என்னிடம் பதில் இருந்தது, தமிழில். அதை ஆங்கிலமாக அடுக்கி முடிப்பதற்குள் சித்தார்த் பேசி முடித்திருந்தான். கேட்டைப் பற்றி, ஓட்டையைப் பற்றி, போல்ட்டைப் பற்றி, நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த அத்தனையும். கடைசியில் என் பக்கம் கையைக் காட்டி, இவள் சால்டரிங்கில் உதவினாள் என்றான்.

பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் அவன் படம் வந்தது. லீவரைப் பிடித்தபடி. அன்றிலிருந்து அவன் கூட்டாளிகளுக்கு நான் சால்டரிங் ராணி. "மச்சான், ராணி வருதுடா, பத்த வெச்சிரப் போவுது" என்பார்கள். நான் கேன்டீன் வாசலில் அவனை நிறுத்திக் கேட்டேன்.

"கோச்சிக்காத இளா," என்றான். "மார்க்கு ரெண்டு பேருக்கும் ஒன்னாதான வந்துச்சு. பேருல என்னா இருக்குது?"

பேரில் ஒன்றுமில்லை என்று சொல்பவர்கள் எல்லோருக்கும் பேர் இருக்கிறது. கவனித்திருக்கிறீர்களா.

அதற்குப் பிறகு நான் ஆங்கிலம் கற்றுக்கொண்டேன். வேண்டுமானால் இதையெல்லாம் உங்களுக்கு ஆங்கிலத்திலேயே சொல்லலாம். வேண்டாம்.

படித்து முடித்ததும் அவன் விமானம் ஓட்டப் பழக வெளிநாடு போனான். நான் வேலை தேடினேன். ஆரோக்கியராஜ் சார் விமானப் படையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். விமானத்தில் வேலைக்குப் போக ஆசைப்படுகிற பிள்ளைகளுக்காக இந்தப் பயிற்சி மையத்தைத் திறந்திருந்தார். சிமுலேட்டர் ஒன்று வைத்தால் பிள்ளைகள் வருவார்கள் என்று நினைத்தார். நேர்காணலுக்கு வந்த அன்றைக்கு என்னை இந்த அறைக்கு அழைத்துவந்து காட்டினார். மேஜை மேல் என் த்ராட்டில் இருந்தது. தட்சிணாமூர்த்தி ஐயா அன்பளிப்பாகக் கொடுத்தாராம். தகட்டில் ஒரு ஸ்டிக்கர், வடிவமைப்பு சித்தார்த் தட்சிணாமூர்த்தி என்று, தங்க நிற எழுத்தில்.

"இதப் பாத்துக்கறதுதாம்மா உன் வேலை," என்றார். "காலேஜ் பையன் ஒருத்தன் பண்ணது. என்னா மூளை பாரு."

நான் செய்ததைத் துடைத்து எண்ணெய் போட்டு வைக்க எனக்குச் சம்பளம். சரி என்றேன். வேறு வேலை இல்லை. அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கப் போகிறீர்கள். சொன்னால் யார் நம்புவார்கள்? என்னைப் பார்த்தால் லீவர் செய்கிறவள் மாதிரியா இருக்கிறது? தினமும் காலையில் துணியால் துடைக்கும்போது அந்தத் தங்க எழுத்தையும் சேர்த்துத் துடைத்தேன். ஒரு நாளும் பிய்க்கவில்லை. என் பொறுமைக்கு அது சாட்சி.

சித்தார்த் லைசென்ஸோடு திரும்பி வந்து ஒரு வருஷத்துக்கு மேல் சும்மா இருந்தான். அந்தக் காலத்தில் லைசென்ஸ் வாங்கிய பையன்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள், வேலைதான் இல்லை. பிறகு கிழக்கே ஒரு தீவு நாட்டில், தீவுக்குத் தீவு ஆள் ஏற்றிப் போகும் சின்னக் கம்பெனி ஒன்றில் துணை விமானி வேலை அமைந்தது. இரண்டு இன்ஜின் டர்போப்ராப். அதை அவன் ஓட்டியதில்லை. போவதற்கு முன்னால் கை பழகிக்கொள்ள இங்கே வந்தான்.

"தம்பி மத்தியானத்துல வந்து ஓட்டட்டும்மா," என்றார் ஆரோக்கியராஜ் சார். "கேட்டு கீட்டு எல்லாம் அந்த பிளேனுக்குத் தக்கன செட் பண்ணிக் குடுத்துடு."

செட் பண்ணிக் கொடுத்தேன்.

இந்த இடத்தில் என் மாமா சிங்காரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. ஒரு பெரிய வீட்டில் பழைய புல்லட் ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பிற்பாடு சொந்தமாக ஒரு புது வண்டி வாங்கினார். அதில் எல்லாம் தலைகீழ். வருஷக்கணக்கில் நன்றாகத்தான் ஓட்டினார், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்பார். ஒரு நாள் சிதம்பரம் ரோட்டில், ஆலப்பாக்கம் தாண்டி, மாடு ஒன்று குறுக்கே வந்தது. மாமா இடது காலைப் போட்டு மிதித்தார். அங்கே பிரேக் இல்லை. பெரியாஸ்பத்திரியில் அந்தக் காலை எடுத்த பிறகு என்னிடம் சொன்னார்: "எனுக்குத் தெரியும் பாப்பா, பிரேக்கு வலதுலதான்னு. காலுக்குத் தெரியல."

சாதாரண நேரத்தில் புத்தி ஓட்டும். மாடு குறுக்கே வந்தால் முதலில் பழகிய கால்தான் ஓட்டும். இது எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடைத்தது.

நான் செய்தது இவ்வளவுதான். கம்ப்யூட்டரில் ஒரு எண்ணைக்கூடத் தொடவில்லை. கேட் தகட்டின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, தகட்டை ஒரு விரற்கடை முன்னால் நகர்த்தி, மறுபடி முடுக்கினேன். அவ்வளவே. அதனால் என்ன ஆகும் என்றால், லீவர் கேட்டில் வந்து இடிக்கும்போது பவர் முழுதாகக் குறைந்திருக்காது. விமானம் இறங்காது, ஓடுபாதைக்கு மேலேயே மிதந்துகொண்டு போகும். இறக்க வேண்டுமென்றால் ஆகாயத்திலேயே கொக்கியைத் தூக்கி, லீவரை இன்னும் ஒரு விரற்கடை இழுக்க வேண்டும். அங்கேதான் ஐடில். நிஜ விமானத்தில் அதே ஒரு விரற்கடையில் இருப்பது வேறு.

நீங்கள் தலையாட்டுகிறீர்கள். புரியாதபோதும் தலையாட்டுவது வசதியானவர்களின் பழக்கம். சித்தார்த்துக்கும் உண்டு.

முதல் நாள் அவன் மிதந்துகொண்டே போய் ஓடுபாதையின் அந்தப் பக்கம் தோப்பில் விழுந்தான். இரண்டாவது முறையும். பின்னால் நாலைந்து பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவனுக்குக் காது சிவந்தது. மூன்றாம் முறை, மிதக்க ஆரம்பித்ததும் அவன் விரல் தானாகக் கொக்கியைத் தூக்கியது. விமானம் பூ மாதிரி இறங்கியது. பிள்ளைகள் ஓ என்றார்கள். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் கையே கற்றுக்கொண்டது.

முட்டாள் இல்லை அவன். விமானத்தின் மேனுவலை வரவழைத்துப் படித்திருந்தான். மறுநாள் என்னிடம் வந்தான்.

"இளா, கேட்டு கொஞ்சம் முன்னாடி இருக்கற மாதிரி இல்ல?"

"என்னைக் கேக்கற?" என்றேன். "டிசைன் உன்னுது. பேரே போட்டிருக்குது. நீதான் சொல்லணும்."

பிள்ளைகள் அவனைப் பார்த்தார்கள். இசைவாணி என்று ஒரு பெண், பரங்கிப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவாள், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் ஒரு கணம் ஸ்டிக்கரைப் பார்த்தான். பிறகு, "ஆமா ஆமா, நான்தான் அப்படி வெச்சன்," என்றான். "சிமுலேட்டர்ல கொஞ்சம் முன்னாடிதான் வெக்கணும். அப்பதான் நிஜ பிளேன்ல ஈசியா இருக்கும்." அதற்கு ஒரு காரணமும் சொன்னான். காற்றின் அடர்த்தி அது இது என்று. நல்ல காரணம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அரை நிமிஷம் சரியாகத்தான் இருக்குமோ என்று பட்டது. அவன் தன் பொய்யைத் தானே நம்பிவிட்டான் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இங்கே நான் உங்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நான் அவனுக்கு வழியை அடைக்கவில்லை. வாசல் திறந்தே இருந்தது. ஒரே ஒரு வாக்கியம்: இது நான் செய்ததில்லை, இளமதி செய்தது. அதைச் சொல்லிவிட்டு, ஏன் இப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டிருந்தால், ஒரு நிமிஷத்தில் போல்ட்டைத் தளர்த்திச் சரியாக வைத்துக் கொடுத்திருப்பேன். அந்த ஒரு வாக்கியத்தை அவன் சொல்லவில்லை. ஒரு மனிதன் தன் உயிரைவிட ஒரு ஸ்டிக்கரைப் பெரிதாக நினைத்தால் அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்.

அவன் மட்டும்தான். மற்றப் பிள்ளைகளுக்கு நான் துரோகம் செய்யவில்லை. தினமும் மத்தியானம் அவன் வருவதற்கு முன்னால் தகட்டை முன்னால் நகர்த்துவேன். அவன் போன பிறகு பின்னால் நகர்த்திச் சரியாக வைப்பேன். இரண்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை தவிர. சின்ன வேலைதான், ஆனால் கவனமாகச் செய்ய வேண்டும். வைத்துவிட்டு நானே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை உட்காரவைப்பேன். அவர்கள் நாளைக்கு விமானம் ஓட்டப்போகிறவர்கள் இல்லையா.

ஒரே ஒரு நாள் தவறிவிட்டது. திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய், முகூர்த்த நாள் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்தேன். அதற்குள் சித்தார்த் ஓட்டிவிட்டுப் போயிருந்தான், இசைவாணி உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் சரியாக வைத்துவிட்டுத்தானே போனேன், அதனால் அன்றைக்கு அவனுக்கு முதல் தடவையாகக் கேட் நிஜத்தில் இருக்க வேண்டிய இடத்தில் இருந்திருக்கிறது. கேட்டில் இடித்ததும் வழக்கம்போலக் கொக்கியைத் தூக்கியிருக்கிறான். திரையில் விமானம் கல் மாதிரி விழுந்திருக்கிறது.

"சித்தார்த் அண்ணா இன்னைக்கி பயங்கர கிராஷ் அக்கா," என்றாள் இசைவாணி. "ஏன்னே தெரிலன்னு திட்டிக்கினே எழுந்து போயிட்டாரு. ஆனா அக்கா, இன்னைக்கி கேட்டு வேற எடத்துல இருக்குது. அவரு ஓட்டறப்ப முன்னாடில்ல இருக்கும்?"

நான் குனிந்து போல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

"தெரியலன்னா கேளுன்னு நீங்கதான சொல்வீங்க," என்றாள். "அதான் கேட்டன்."

பாருங்கள், எவ்வளவு சுலபம். பொய்யைத் தூக்கிச் சுமக்காதவளுக்குக் கேள்வி கேட்பது தண்ணீர் குடிப்பது மாதிரி. போல்ட் தளர்ந்திருக்கும் என்று சொல்லிவைத்தேன். அவள்தான் உங்களுக்கு இந்தச் செய்தியைச் சொல்லியிருப்பாள், இல்லாவிட்டால் நீங்கள் இந்தத் தகட்டை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். நல்ல பெண். முன்னுக்கு வருவாள்.

அன்றைய கிராஷைப் பற்றிச் சித்தார்த் என்னிடம் வாயே திறக்கவில்லை. மறுநாள் மத்தியானம் வந்தான், தகடு அதற்குள் முன்னால் போயிருந்தது, பூ மாதிரி இறக்கினான். நேற்று என்னவோ கம்ப்யூட்டர் மக்கர் என்று பிள்ளைகளிடம் சொன்னான்.

அவன் ஆவணியில் போனான். மார்கழிப் பாதியில் புயல் வந்தது. கடலூரே படுத்துவிட்டது, பலாவும் முந்திரியும் வேரோடு போயின, அம்மாவின் கம்பெனியும் மூடிவிட்டது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. நானும் ஆரோக்கியராஜ் சாரும் இந்த அறையில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தோம். கீழே யாரோ கூப்பிட்டு அவர் இறங்கிப் போனார். திரும்பி வரும்போது மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சித்தார்த் தம்பி போயிட்டானாம்மா," என்றார். "பிளேனோட."

நான் கையிலிருந்த கயிற்றை முடி போட்டு முடித்தேன். பாதியில் விட்டால் தார்ப்பாய் பறந்துவிடும்.

விவரமெல்லாம் பிறகு வந்தது. மழை, சின்னத் தீவு, குட்டை ஓடுபாதை, விமானம் வேண்டிய உயரத்துக்கு மேல் இருந்தது. பவரைக் குறை என்று கேப்டன் சொல்லியிருக்கிறார். நாலு மாதமாக அவன் நிஜ விமானத்தில் ஒழுங்காகத்தான் ஓட்டியிருந்தான், கொக்கியைத் தொட்டதில்லை. அன்றைக்கு மாடு குறுக்கே வந்துவிட்டது. லீவர் கேட்டில் இடித்தும் விமானம் இறங்கவில்லை, அவன் விரல் தூக்கியது. என்ன செய்கிறாய் என்று கேப்டன் கத்துவது கறுப்புப் பெட்டியில் பதிவாகியிருக்கிறது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதற்கு அவன் "ஐடில்" என்று பதில் சொன்னதாகவும் சொன்னீர்கள். ஏன் அப்படிச் சொன்னான் என்று விபத்தை விசாரிக்கிற உங்கள் ஆட்களுக்குப் புரியவில்லையாம். அவன் பொய் சொல்லவில்லை. அவன் கைக்கு அதுதான் ஐடில்.

பின்னால் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். சந்தைக்குப் போனவர்கள், பிரசவத்துக்குத் தாய்வீடு போன ஒரு பெண் என்று படித்தேன். அவர்களை நான் கணக்கில் எடுக்கவில்லை. அது என் வேலையில் உள்ள குறைதான், ஒப்புக்கொள்கிறேன். விமானத்தில் பின்னாலும் இருக்கைகள் உண்டு என்பது இந்த அறையில் இருக்கும்போது தோன்றாது. இங்கே முன் இருக்கை மட்டும்தான் இருக்கிறது.

ஆனால் மறுபடி சொல்கிறேன், எல்லாம் அவன் கையில்தான் இருந்தது. அந்த ஒரு வாக்கியம்.

ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள். ஸ்டிக்கர் எங்கே என்றா. ஆமாம், தகட்டில் இப்போது இல்லை. பசைத் தடம் மட்டும்தான் இருக்கிறது. புயலில் போகவில்லை. இசைவாணி அதையும் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது.

சரி. அவன் சொல்லவில்லை என்று முன்பு சொன்னேன். பயிற்சி நடந்த நாட்களில் சொல்லவில்லை என்று திருத்திக்கொள்ளுங்கள்.

வழியனுப்புகிற அன்றைக்குக் கீழே ஹாலில் சின்ன விழா. கேக், பிரியாணிப் பொட்டலம், சால்வை. தட்சிணாமூர்த்தி ஐயாவும் வந்திருந்தார். ஆரோக்கியராஜ் சார் மேஜையில் த்ராட்டிலைக் கொண்டுவந்து வைத்திருந்தார், பையனின் சாதனை என்று காட்ட. சித்தார்த் மைக்கை வாங்கினான்.

"ஒரு விஷயம் சொல்லணும்," என்றான். "ரொம்ப நாளா மனசுல இருக்குது. இது நான் பண்ணது இல்ல. இளமதி பண்ணது. முழுக்க அவதான். காலேஜ்ல நான் பேரு வாங்கிக்கினன். தப்புதான்."

சொல்லிவிட்டு நகத்தால் அந்தத் தங்க எழுத்தைச் சுரண்டி உரித்தான். கிழிந்து கிழிந்து வந்தது. விடாமல் உரித்தான்.

ஹாலில் எல்லோரும் கைதட்டினார்கள். ஆரோக்கியராஜ் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அவனைக் கட்டிக்கொண்டார். தட்சிணாமூர்த்தி ஐயா பக்கத்திலிருந்தவரிடம், "எம்புள்ள மனசப் பாத்தியா, யாருக்கு வரும்?" என்றார். பெண்கள் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் செய்தேன் என்பதற்காக யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அவன் ஒப்புக்கொண்டான் என்பதற்காக எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். நான் பிரியாணிப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு அவன் என்னிடம் வந்தான். மடித்த மேனுவல் கையில் இருந்தது. இசைவாணி பக்கத்தில்தான் கேக் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"இளா, இப்பவாவது கேக்கறன்," என்றான். "அந்தக் கேட்டு. மேனுவல்ல வேற மாதிரி போட்டிருக்குது. அன்னைக்கி ஒரு நாள் விழுந்தப்பவே கேட்டிருக்கணும், வெக்கமா இருந்துது. நீ பண்ணவ, நீ சொன்னா சரி. நான் பழகினது சரிதான?"

மாடியில் ஸ்பேனர் இருந்தது. ஒரு நிமிஷ வேலை. இல்லை, அதுகூட வேண்டாம், வாயால் சொன்னாலே போதும். அவன் முகத்தில் கைதட்டலின் வெளிச்சம் இன்னும் அணையாமல் இருந்தது.

கோபம் இல்லை. நிதானமாகத்தான் அவனைப் பார்த்தேன்.

"சரியாத்தான் இருக்குது," என்றேன். "நான்தான செஞ்சன்."